பயறும் கீரையும்: இல்லாதவன் சட்டியா, உழவன் சட்டியா?

எமது ஊர்களில், "இன்றைக்கு என்ன கறி?" என்று யாராவது கேட்டால், மீன் என்ற பதில் உரத்த குரலில் வரும். இறைச்சி என்றால் குரல் இன்னும் உயரும். பயறும் கீரையும் என்றால் மட்டும், "ஒன்றுமில்லை, இருந்ததைப் போட்டுக் காய்ச்சினோம்" என்று குரல் தாழ்ந்துவிடும். சத்துள்ள ஒரு சாப்பாட்டைச் சமைத்துவிட்டு, அதற்காக விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை எமக்கு எப்படி வந்தது?

இடம்பெயர்ந்து வாழும், இடம்பெயர்ந்து திரும்பிய விவசாயக் குடும்பங்களுக்கு இக்கேள்வி சிறியதன்று. ஒரு சுண்டுப் பயறும் இரண்டு கை முருங்கையிலையும் வறுமையின் அடையாளங்கள் அல்ல. உழவனின் அறிவும், தாயின் நேரமும், பிள்ளையின் இரத்தமும் அந்த ஒரு சட்டிக்குள் அடங்கியிருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். அத்துடன், கீரை உண்ணுங்கள் என்று மக்களுக்குப் புத்தி சொல்பவர்கள் வேறு எதையெல்லாம் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பதையும் கூறவேண்டியுள்ளது.

நிவாரணம் பழக்கிய நாக்கு

எமது இடப்பெயர்வு ஒன்றல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்கள், அதே ஆண்டு மடுவில் தஞ்சம் புகுந்தவர்கள், 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திற் கொட்டில் போட்ட முஸ்லிம் மக்கள், 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு மழைக்குள் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், 2006 இல் சம்பூரை இழந்தவர்கள், 2009 இல் செட்டிகுளம் மனிக்பாமுக்குள் அடைக்கப்பட்டவர்கள் என்று பட்டியல் நீளும். மனிக்பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அங்கும் வேறு முகாம்களிலும் கற்றுக்கொண்ட உணவுப் பழக்கம் எம்மோடு வெளியே வந்துவிட்டது.

உலருணவுப் பொதி என்றால் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். உயிரைக் காத்த பொதி அது; அதைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயல். ஆயினும் அதில் என்ன இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பச்சையாக எதுவும் இருக்கவில்லை. இருக்கவும் முடியாது; கீரை மூட்டையில் வராது, லொறியிற் கிடந்து பழுதாகும். எனவே முகாமிற் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு உணவு என்பது மூட்டையிலும் பக்கற்றிலும் வருவது. நிலத்திலிருந்து பறிப்பது உணவு என்ற எண்ணமே அப்பிள்ளைக்கு அந்நியமாயிற்று. நிவாரணம் நின்றபின் அந்த இடத்தைக் கடைப் பக்கற்றுகள் பிடித்துக்கொண்டன. இன்று மீள்குடியேறிய ஊர்களின் சிறு கடைகளில் நூடில்ஸ், பிஸ்கற் பக்கற்றுகள் மாலையாகத் தொங்குகின்றன. கடைக்குப் பின்வேலியில் முருங்கை பூத்துக் கொட்டுகின்றது.

பருப்பையே எடுத்துக்கொள்வோம். மைசூர்ப் பருப்பிற் சத்துக் குறைவில்லை. ஆனால் அது எமது மண்ணில் விளைவதில்லை. அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் விளைந்து கப்பலில் வருகின்றது. 2022 இல் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது என்ன நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். அதற்கு முந்திய 2021 இல் இரசாயன உர இறக்குமதித் தடை வந்து விளைச்சலையும் விழுத்தியிருந்தது. அந்த நாட்களில் வேலியில் முருங்கையும் போத்தலில் பயறும் வைத்திருந்த வீட்டுக்கும், எல்லாவற்றையும் கடையில் வாங்கவேண்டியிருந்த வீட்டுக்கும் இருந்த வேறுபாட்டை நீங்களே கண்டீர்கள்.

சட்டிக்குள் இருப்பது என்ன?

100 கிராம் காய்ந்த பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. அப்படியானால் ஒரு சுண்டுப் பயற்றில், அதாவது மட்டாகக் கால் கிலோவில், 60 கிராம் அளவு புரதம். ஒரு கோழிமுட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பயற்றின் புரதமும் முட்டையின் புரதமும் ஒரே தரமானவை அல்ல என்பது உண்மையே. ஆனால் அந்தக் குறையை எமது முன்னோர் தம்மை அறியாமலே தீர்த்துவைத்தார்கள். சோற்றின் புரதத்தில் எந்தக் கூறு குறைவோ அது பயற்றில் நிறைய உண்டு. பயற்றில் எது குறைவோ அது சோற்றில் உண்டு. இரண்டும் ஒரே கோப்பையில் விழும்போது ஒன்றையொன்று நிறைவாக்குகின்றன. பயறும் அரிசியும் சேர்ந்த பொங்கலும் கஞ்சியும் ருசிக்காக மட்டும் நிலைத்து வந்தவை அல்ல.

பயற்றில் இரும்புச்சத்தும் இருக்கின்றது. கர்ப்பிணித் தாய்க்கு இன்றியமையாத போலேற் என்னும் உயிர்ச்சத்து நிறைய உண்டு. ஆனால் தானியத்திலும் இலையிலும் உள்ள இரும்பை எமது உடல் இலகுவில் உறிஞ்சாது. அதற்குத் துணை வேண்டும். அந்தத் துணை தேசிக்காய்ப் புளியில் உள்ள உயிர்ச்சத்து 'சி'. கறியை இறக்கியபின் அரைத் தேசிக்காய் பிழிவது ருசிக்கு மட்டுமன்று, இரத்தத்துக்குந்தான். இதற்கு எதிரி எது தெரியுமா? சோறு தின்ற கையோடு குடிக்கும் தேத்தண்ணீர். தேயிலைச் சாயம் இரும்பைக் கட்டிப்போடும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடித்தாற் போதும். இரத்தச்சோகை உள்ள பெண்களும் வளரும் பிள்ளைகளும் இந்த ஒன்றையாவது கைக்கொள்ள வேண்டும்.

முருங்கையிலையிற் கல்சியமும் புரதமும் உயிர்ச்சத்துகளும் உண்டு. கடும்பச்சைக் கீரைகள் எல்லாவற்றிலும் உயிர்ச்சத்து 'ஏ' ஆக உடலில் மாறும் பொருள் உண்டு. மாலைக்கண் வராமற் காப்பது அதுதான். ஆனால் அது கொழுப்பிலே கரைவது. தண்ணீரில் மட்டும் அவித்த கீரையை உண்டால் அதன் பயன் முழுமையாகக் கிடைக்காது. கொஞ்சம் தேங்காய்ப்பாலோ ஒரு கரண்டி எண்ணெயிலே தாளிதமோ அவசியம். எமது பாட்டிமார் கடைசியில் முதற்பால் விட்டு இறக்கியதன் நியாயம் இப்போது விளங்குகின்றதல்லவா?

அரை மணித்தியாலத்தின் பெறுமதி

போசாக்கு வகுப்பு நடத்துபவர்கள் பொதுவாக மறந்துவிடும் ஒன்று நேரம். "சத்துள்ள உணவு சமையுங்கள்" என்று ஒரு தாய்க்குச் சொல்வது எளிது. அவள் காலை ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் அள்ளி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வேறொருவரின் வெங்காயத் தோட்டத்திற் புல்லுப் பிடுங்கிவிட்டு மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வருகிறாள். போரிற் கணவனை இழந்த அல்லது கணவன் காணாமற்போன வீடுகளில் அவளே உழைப்பாளி, அவளே சமையற்காரி, அவளே காவற்காரி. அந்த நேரத்தில் பிள்ளை பசியில் அழுதால் சுடுதண்ணீர் ஊற்றி மூன்று நிமிடத்தில் முடியும் பக்கற் அவளை அழைக்கும். அவளைச் சோம்பேறி என்று சொல்பவன் அவளது ஒருநாளை வாழ்ந்து பார்க்கவில்லை.

ஆகவே எமது பதில் அவளுக்குப் புத்திமதியாக இருக்கக்கூடாது. அந்தப் பக்கற்றோடு போட்டிபோடக்கூடிய, அரை மணித்தியாலத்திற்குள் முடியும் ஒரு சட்டியாக இருக்கவேண்டும். பயறும் கீரையும் அப்படிப்பட்டது. இதன் இரகசியம் காலையிற் செய்யும் ஒரு நிமிட வேலை: பயற்றைக் கழுவித் தண்ணீரிற் போட்டு மூடிவிட்டுப் போவது. ஊறிய பயறு ஊறாத பயற்றைவிட ஏறத்தாழப் பாதி நேரத்தில் அவியும். அதாவது பாதி விறகு. விறகு பொறுக்கப் போவதும் பெண்ணின் நேரமே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. முகாம் வாழ்வில் வேலையின்றி இருந்த நாட்களிலும் எம்மில் எத்தனை பேர் அடுப்படிக்குப் போனோம்? பயற்றை ஊறப்போடுவதற்கும் கீரை ஆய்வதற்கும் ஆண்பிள்ளையின் கை கூசவேண்டியதில்லை. கோயிற் பெருநாளில் நூறு பேருக்குக் கிடாரத்திற் சமைப்பது ஆண்களுக்குப் பெருமை என்றால், வீட்டில் ஐந்து பேருக்குச் சமைப்பது எப்படி இழிவாகும்?

செய்முறை

ஐந்து பேருக்கு வேண்டியவை: பயறு ஒரு சுண்டு, ஆய்ந்த முருங்கையிலை இரண்டு கை நிறைய, அல்லது வேறு கீரை ஒரு பெரிய பிடி, சின்ன வெங்காயம் ஏழெட்டு, உள்ளி நாலு பல்லு, பச்சை மிளகாய் இரண்டு மூன்று, மஞ்சள் சிறிது, பாதித் தேங்காயின் பால், தேசிக்காய் பாதி, உப்பு. தாளிக்க எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கடுகு, நற்சீரகம், செத்தல் மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை இரண்டு நெட்டு. மல்லியிலை கிடைத்தால் நல்லது; கிடைக்காவிட்டாற் குறையில்லை.

1. பயற்றிற் கல்லும் வண்டரித்ததும் நீக்கி, கழுவி, காலையிலோ முதல்நாள் இரவோ ஊறவிடுங்கள். நாலைந்து மணித்தியாலம் போதும். வெயில் காலத்திற் கனநேரம் ஊறினாற் புளித்துவிடும். அதனால் பகலில் நிழலான இடத்தில் வையுங்கள்.

2. ஊறிய தண்ணீரை முருங்கை அடியில் ஊற்றிவிட்டு, பயறு மூடி அதன்மேல் இரண்டு விரற்கிடை நிற்கக்கூடியதாகப் புதுத்தண்ணீர் விட்டு அடுப்பில் வையுங்கள். மஞ்சளும் தட்டிய உள்ளியும் சேருங்கள். கொதித்தபின் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில், இரு விரலால் நசித்தால் மசியும் பதம் வரும்.

3. வெங்காயம், பச்சை மிளகாய், உப்புப் போட்டு இரண்டு கொதி கொதிக்க விடுங்கள்.

4. இப்போது கீரை. கீரையை முதலிற் கழுவிப் பிறகு அரியவேண்டும். அரிந்தபின் கழுவினாற் சத்துத் தண்ணீரோடு போய்விடும். முருங்கையிலைக்கு ஐந்து நிமிடம், பொன்னாங்காணிக்கு மூன்று நிமிடம், பசளிக்கு இரண்டு நிமிடம் போதும். சட்டியை மூடவேண்டாம், திறந்து அவித்தால் நிறம் பச்சையாகவே நிற்கும். வல்லாரை என்றால் சட்டியை இறக்கியபின் அரிந்து தூவிக் கிளறினாற் போதும்.

5. தேங்காய்ப்பாலை விட்டு, ஒரு கொதி வந்தவுடன் இறக்குங்கள்.

6. எண்ணெயிற் கடுகு வெடிக்கவிட்டு, சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். கடைசியாகத் தேசிக்காய் பிழியுங்கள். புளியை முந்தி விட்டால் பயறு அவிய மறுக்கும், கீரையும் கறுக்கும்.

சோற்றோடு சாப்பிடலாம். பிட்டுக்கும் ரொட்டிக்கும் இன்னும் பொருத்தம். ஆறு மாதம் கழிந்த குழந்தைக்கு மிளகாயும் உப்பும் போடுமுன் ஓர் அகப்பை எடுத்து, இரண்டு இலை சேர்த்து அவித்து, குழைந்த சோற்றோடும் ஒரு துளி தேங்காயெண்ணெயோடும் மசித்துக் கொடுங்கள். பெரியவர்களின் சட்டியிலிருந்தே குழந்தைக்கும் உணவு கிடைக்கும்.

"எங்கள் பயறு எவ்வளவு காய்ச்சினாலும் அவியாது" என்று சிலர் முறைப்படுவதுண்டு. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் கனமான நீர். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து பயற்றின் தோலை இறுக்கும். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் பயறு அவிப்பதற்கு அதைப் பாவியுங்கள். மற்றது பயற்றின் வயது. வெக்கையான களஞ்சியத்தில் நெடுநாட் கிடந்த பயறு கல்லாகும். அதற்கு மருந்து அதிக விறகன்று, அதிக ஊறல். ஊறிய பயற்றை ஈரத்துணியில் ஒருநாள் கட்டி முளைக்க வைத்தால் இன்னும் விரைவில் அவியும். முளையில் உயிர்ச்சத்து 'சி' யும் புதிதாக உண்டாகும். ஆனால் தண்ணீரின் சுத்தம் நிச்சயமில்லாத இடத்தில் முளைப்பயற்றைப் பச்சையாக உண்ணாமல் அவித்தே உண்ணுங்கள்.

பயறு இல்லாவிட்டாற் கௌப்பி. கௌப்பிக்கு ஊறலும் அவியலும் கூடுதலாக வேண்டும். அவசரம் என்றால் தோல் நீக்கிய பயற்றம்பருப்பு ஊறாமலே அவியும். நிவாரணப் பருப்பு இருந்தால் அதிலும் செய்யலாம். முறை ஒன்றே.

கீரை எங்கே பறிப்பது, எங்கே பறிக்கக்கூடாது

காணியில்லாதவருக்குங்கூடக் கீரை சாத்தியம் என்பதே அதன் பெருமை. ஒரு முழக்கைப் பருமனான முருங்கைத் தடியை மழை தொடங்கும் காலத்தில் வேலியில் நட்டால், சில மாதங்களில் இலை ஒடிக்கலாம். கீரை விதையைத் தூவினால் மூன்று நாலு கிழமையில் பிடுங்கலாம். ஓட்டைச் சட்டி, கிழிந்த உரப்பை, பழைய வாளி எதுவும் பாத்தியாகும். அரிசி கழுவிய தண்ணீரும் கோப்பை அலசிய தண்ணீரும் அதற்குப் போதும். பொன்னாங்காணியும் வல்லாரையும் தண்ணீர் வாளி வைக்கும் ஈரத்திற் தானாகப் படரும். தூதுவளை, முசுட்டை, குறிஞ்சா, முடக்கொத்தான், அகத்தி ஆகியவற்றை அறிந்த முதியவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களோடு இந்த அறிவும் மண்ணுக்குள் போய்விடாமற் பார்ப்பது எமது கடமை. பிள்ளைகளை அவர்களோடு ஒருநாள் வேலியோரம் நடக்கவிடுங்கள்.

ஆனால் எங்கும் பறிக்கலாம் என்று சொல்லமாட்டோம். போர் நடந்த நிலத்தில், கண்ணிவெடி அகற்றி முறையாக ஒப்படைக்கப்படாத காணிக்குள், சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்த எல்லைக்கு அப்பால், எவ்வளவு செழித்த கீரை நின்றாலும் கால்வைக்க வேண்டாம். பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். மருந்தடித்த வெங்காய, மிளகாய்த் தோட்டங்களின் வரம்பிலும், கழிவுநீர் ஓடும் வாய்க்காலிலும் பறிக்க வேண்டாம். ஈரநிலக் கீரைகளைப் பலதரம் அலசுங்கள். பெயர் தெரியாத இலையைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

பயறு வயலுக்குத் திரும்பவேண்டும்

காணி திரும்பக் கிடைத்தவர்களுக்கு இன்னொரு வார்த்தை. காலபோக நெல்லை அரிந்தபின் வயலில் மிஞ்சிக் கிடக்கும் ஈரம் வீணாகக் காய்ந்து போகின்றது. அந்த ஈரத்திலேயே பயறு விளையும். மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் தந்த எம்.ஐ. 5, எம்.ஐ. 6 போன்ற பயற்றினங்கள் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முற்றும். கிணறோ குளத்து நீரோ பெரிதாக வேண்டியதில்லை. பயற்றங்கொடியின் வேரிலுள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குச் சேர்க்கின்றன. காயைப் பறித்தபின் கொடியைப் பிடுங்கி எறியாமல் உழுது மண்ணோடு புரட்டினால், அடுத்த நெல்லுக்கு வாங்கும் யூரியாவிற் கொஞ்சம் குறையும். 2021 இல் உரத்துக்கு அலைந்த விவசாயிக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

விதைக்கு ஒரு போத்தல் எடுத்து வைக்கும் வழக்கத்தையும் மீட்டெடுப்போம். நன்றாக வெயிலிற் காய்ந்த பயற்றை, சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து, காற்றுப்புகாமல் மூடி வைத்தால் வண்டு நெருங்காது. விதைப்பயறு உள்ள வீடு அடுத்த போகத்துக்கு யாருடைய கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பொறுப்பில் உள்ளவர்களுக்கு

இதுவரை சொன்னதைச் சில அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் மகிழ்ச்சியோடு வாசிக்கலாம். "பாருங்கள், மக்கள் கீரை நட்டுச் சமாளிக்கலாம்" என்று சொல்ல அவர்களுக்கு இது வசதியாகிவிடும். அந்த வசதியை நாம் கொடுக்க விரும்பவில்லை. இரண்டு பேர்ச் முகாம் நிலத்தில் இருப்பவனுக்குக் கீரை விதைப் பக்கற் கொடுத்துப் புகைப்படம் எடுத்துவிட்டு, அவனுடைய இரண்டு ஏக்கர் தோட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது அபிவிருத்தியன்று. வீட்டுத்தோட்டம் காணி உரிமைக்கு மாற்றீடு ஆகாது. வலிகாமம் வடக்கில் 1990 இல் வெளியேறிய குடும்பங்களிற் பல தமது செம்மண்ணை மீண்டும் மிதிக்க 25 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. கேப்பாப்புலவிலும் முள்ளிக்குளத்திலும் மக்கள் 2017 இல் தமது காணிக்காக வீதியோரத்தில் நாட்கணக்காக இருந்தார்கள். கீரைப்பாத்தி அவர்களுக்குப் பதிலாகுமா?

எனவே நிவாரணமும் திட்டமும் வகுப்போரிடம் நாம் கேட்பவை இவை. உலருணவு கொடுக்கவேண்டி வந்தால் இறக்குமதிப் பருப்போடு உள்ளூர் விவசாயியிடம் நியாய விலைக்கு வாங்கிய பயற்றையும் கௌப்பியையும் சேருங்கள். தறப்பாளோடு ஒரு முருங்கைத் தடியும் ஒரு பிடி கீரை விதையும் போகட்டும். முன்பள்ளியின் காலை உணவில் பயறும் கீரையும் கிழமையில் இரண்டு நாளாவது இருக்கட்டும்; கூட்டாளிகளோடு சேர்ந்து தின்னும்போது வீட்டில் மறுக்கும் பிள்ளையும் தின்னும். போசாக்கு வகுப்பைக் கூலிவேலை முடிந்தபின், ஆண்களையும் அழைத்து நடத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் காணியில் பயறு விளைந்ததோ அந்தக் காணியை உரியவனிடம் கொடுங்கள்.

ஒரு பழைய கூழ்ச் சட்டி

வேதாகமத்தின் முதல் நூலில் ஒரு பயற்றங்கூழின் கதை உண்டு. வெளியிலே அலைந்து களைத்து, பசியோடு வந்த ஏசா, தம்பி யாக்கோபு காய்ச்சிய செந்நிறக் கூழுக்காகத் தன் தலைமகனுரிமையை விட்டுக்கொடுத்தான். இக்கதையைப் பிரசங்கத்திற் கேட்கும்போது ஏசாவைப் பேராசைக்காரன் என்று இலகுவாகச் சொல்லிவிடுவோம். இடம்பெயர்ந்தவர்களுக்கு அது வேறுவிதமாகக் கேட்கும். பசித்தவனின் கையிலிருந்து அவனது உரிமையை எழுதி வாங்க ஒரு சட்டி கூழ் போதும் என்பதை அவர்கள் தம் வாழ்விற் கண்டவர்கள். சில நூறு ரூபாய்ப் பொதிக்காகவும் ஒரு தற்காலிகக் கொட்டிலுக்காகவும், இனித் திரும்பிப் போகமாட்டோம் என்ற பொருள்பட ஒப்பமிட வேண்டிய நிலை எவருக்கும் வரக்கூடாது.

அந்தக் கூழில் எந்தக் குற்றமும் இல்லை. அது யாருடைய சட்டியில், யாருடைய கையில் இருந்தது என்பதிலேயே எல்லாம் தங்கியிருந்தது. பயற்றைத் தானே விதைத்து, கீரையைத் தன் வேலியில் ஒடித்து, தன் அடுப்பிற் காய்ச்சுகின்றவனிடம் அப்படி ஒரு பேரம் பேசுவது கடினம். வயிறு நிரம்பியவன் நிதானமாக மறுப்பான். உறுதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு கச்சேரிக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் பத்தாவது தரமும் நடப்பான். பிள்ளையின் உடம்பில் இரத்தம் இருந்தால் அது படிக்கும். படித்த பிள்ளை காணிப் பத்திரத்தை வாசிக்கும்.

ஆகவே அடுத்தமுறை யாராவது வந்து என்ன கறி என்று கேட்டால், குரலைத் தாழ்த்த வேண்டாம். பயறும் கீரையும் என்று சொல்லுங்கள். ஓர் அகப்பை அள்ளி வையுங்கள். அவர்கள் போகும்போது ஒரு முருங்கைத் தடியும் வெட்டிக் கொடுத்துவிடுங்கள். இன்றிரவு படுக்கப்போகுமுன் ஒரு சுண்டுப் பயற்றை ஊறப்போட மறவாதீர்கள்.